டெக்சாஸ் நாடகத்தில் எனக்கு வசனமில்லை

நான்காம் வகுப்பு முடிகிற கோடையில் எங்கள் ஆசிரியைக்கு டெக்சாஸ் பித்துப் பிடித்தது. அவருடைய கொள்ளுத்தாத்தாவின் தம்பி ஒருவர் எந்தக் காலத்திலோ கப்பலேறி அங்கே குடியேறியவராம். ஆகவே, பள்ளி ஆண்டு விழாவில், ஜெர்மனியின் எர்லாங்கன் ஊர்ப் பிள்ளைகளான நாங்கள் டெக்சாஸுக்கு விடுதலை வாங்கித் தருவது என்று முடிவாயிற்று.

நாடகத்தை அவரே எழுதினார். முதல் காட்சியில் குடியேறிகள் வண்டி கட்டிக்கொண்டு எல்லைப்புறத்துக்கு வந்து சேர்வார்கள். அடுத்து மெக்சிகோ தளபதியோடு சண்டை போட்டுத் தனிநாடு ஆவார்கள். கடைசியில், கொஞ்ச காலம் தனியாக இருந்து பார்த்துவிட்டு, அமெரிக்காவில் ஒரு மாநிலமாகச் சேர்ந்துகொள்வார்கள். கொடியில் ஒரு நட்சத்திரம் கூடும். அதைத் தைக்கிற பெண்ணுக்குத்தான் நாடகத்திலேயே நீளமான வசனம். “இந்த மண் என்றென்றும் எங்களுடையது” என்று தொடங்கும். வகுப்பில் கவிதை ஒப்பிப்பதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. யாரும் சொல்வதற்கு முன்பே அந்த வசனத்தை மனப்பாடம் செய்துவிட்டேன்.

வேடம் பிரித்துக் கொடுத்த அன்று ஆசிரியை என் பின்னலைத் தூக்கிப் பார்த்தார். “உனக்கு ஒப்பனையே வேண்டாம். நீதான் நம் செவ்விந்தியப் பெண்” என்றார்.

ஆங்கிலத்திலாவது இந்தியர்களான எங்களுக்கும் செவ்விந்தியர்களுக்கும் ஒரே சொல், குழம்பலாம். ஜெர்மனில் எங்களுக்கு ‘இண்டர்’, அவர்களுக்கு ‘இண்டியானர்’. தெரிந்தேதான் செய்தார். செவ்விந்தியப் பெண் திரை விலகும்போது மேடை நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும். குடியேறிகள் வந்ததும் எழுந்து போய்விட வேண்டும். அவ்வளவுதான். வாயே திறக்க வேண்டாம். நட்சத்திரம் தைக்கிற வேடம், நாலு வரி சேர்ந்தாற்போல் நினைவில் நிற்காத ரொட்டிக் கடைக்காரர் மகளுக்குப் போயிற்று.

வீட்டில் அழுதேன். அப்பா பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் இருந்தார். ஒவ்வொரு வருஷமும் வேலையை நீட்டித்துத் தர வேண்டியவர்கள் ஜெர்மானியர்கள். “ஸ்கூல் டிராமாதானேம்மா, அட்ஜஸ்ட் பண்ணிக்கோ” என்றார். அம்மாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. “இத்தனை நாளா அதே ஸ்கூல்ல படிக்கறா. நாம யாருன்னு இன்னுமா தெரியல அந்த டீச்சருக்கு?” என்று கொதித்தாள்.

மறுநாள் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு பள்ளிக்கு வந்தாள். தெரிந்த ஜெர்மனையும் தெரியாததற்கு இங்கிலீஷையும் போட்டு, நாங்கள் தஞ்சாவூர்க்காரர்கள், காட்டில் இறகு செருகிக்கொண்டு திரிகிறவர்கள் அல்ல என்று ஆசிரியைக்கு விளக்கினாள். ஆசிரியை இனிமையாகச் சிரித்தார். “குழந்தைகளுக்கு இது ஒரு விளையாட்டு, அம்மா. இவளுக்குத்தானே பொருத்தமாக இருக்கிறது?” என்றார். அம்மா புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு திரும்பி நடந்தாள்.

விழா நாளன்று கூடம் நிறைந்திருந்தது. அப்போது எங்கள் ஊரில் அமெரிக்கப் படைமுகாம் இருந்தது. அங்கிருந்து அசல் டெக்சாஸ்காரர்கள் சிலரை ஆசிரியை அழைத்து முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார். பையன்கள் போட்டிருந்த தொப்பிகள் அவர்கள் கொடுத்தவை.

திரை விலகியது. தலையில் கோழி இறகோடு நான் உட்கார்ந்திருந்தேன். அட்டை வண்டியைத் தள்ளிக்கொண்டு குடியேறிகள் வந்தார்கள். நான் எழுந்திருக்க வேண்டிய நேரம். கால் எழவில்லை என்று சொன்னால் பொய். நான்தான் எழவில்லை. திரைக்குப் பின்னாலிருந்து ஆசிரியை “போ, போ” என்று சீறினார். ஒரு பையன் என் கையைப் பிடித்து இழுத்தான். உதறிவிட்டு, வகுப்பில் கவிதை சொல்கிற அதே குரலில் சொன்னேன்: “போக மாட்டேன். நான் இங்கேதான் குடியிருக்கிறேன்.”

கூடம் சிரித்தது. நான் நகரவில்லை. மெக்சிகோ தளபதி என் மடியில் விழுந்து செத்தான். தனிநாட்டுக் கொடியை என்னைச் சுற்றிக்கொண்டு போய் நட்டார்கள். ரொட்டிக் கடைக்காரர் மகள் இரண்டாவது வரியில் திக்கி நின்றபோது அடுத்த வரி என் நாக்கு நுனியில் இருந்தது. நான் சொல்லித் தரவில்லை.

நாடகம் முடிந்ததும் ஆசிரியையின் முகம் சிவந்திருந்தது. “எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள்!” என்றார். அப்பா குனிந்து மன்னிப்பு கேட்டார். அது எனக்கு மேடையில் கோழி இறகோடு உட்கார்ந்ததைவிட அவமானமாக இருந்தது. அம்மா மட்டும், “எதுக்கு மன்னிப்பு?” என்று எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் கேட்டாள்.

அப்போது முதல் வரிசைச் சிப்பாய்களில் ஒருவர் எங்களிடம் வந்தார். டெக்சாஸ்காரர் என்றால் பொன்முடியோடு இருப்பார் என்று நினைத்திருந்தேன். இவர் கறுத்த முடியும் ஏறக்குறைய எங்கள் நிறமுமாக இருந்தார். என் எதிரே குந்தி உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ கேட்டார்.

“ஏன் போகலன்னு கேக்கறார்” என்றார் அப்பா.

“எனக்கு ஒரு வசனம்கூடத் தரல. அதான்.”

அப்பா அதைச் சொன்னார். சிப்பாய் சிரித்தார். பிறகு சிரிப்பு போய், அப்பாவைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசினார். அப்பா தலையாட்டினார்.

“என்னப்பா சொல்றார்?”

“அவர் குடும்பம் டெக்சாஸ்ல, இந்தச் சண்டைக்கெல்லாம் முன்னாலேர்ந்தே இருக்காங்களாம். அவங்களுக்கும் வசனம் தரலையாம்.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. நான் அவமானப்பட்டு நிற்கிற நேரத்தில் இவ்வளவு பெரிய ஆள் எனக்குப் போட்டியாகப் பொய் சொல்கிறாரே என்று. அவர் எந்த ஸ்கூல் நாடகத்தில் நடித்தார் என்று கேட்கச் சொல்லி அப்பாவின் கோட்டைப் பிடித்து உலுக்கினேன். அப்பா கேட்கவே இல்லை.