ஒளி வராத படிகம்

தோரியத்தின் அணுக்கரு கிளர்ந்த நிலையிலிருந்து அடங்கும்போது மிக மெல்லிய புற ஊதா ஒளியை விடும். அந்த ஒளியை வைத்து அணுக்கருக் கடிகாரம் செய்வதற்கான ஆராய்ச்சி எங்களுடையது. ஒருமுறை ஐந்து நாள் காத்திருந்தும் தோரியம் கலந்த படிகத்திலிருந்து ஒளி வரவில்லை.

வழக்கம்போல் காரணங்களைப் பட்டியலிட்டேன். படிகத்தின் மேல் துளி எண்ணெய் படிந்தாலும் அந்த ஒளி வெளியே வராது. ஆம்பூரில் தோல் தொழிற்சாலையில் வேலை செய்யும் அப்பா, என் மூக்குக்கண்ணாடி துடைக்க, எண்ணெய் போட்டுப் பதப்படுத்திய மென்தோல் ஒன்று அனுப்பியிருந்தார். அவசரத்தில் அந்தத் தோலால் படிகத்தைப் பிடிக்கும் இடுக்கியைத் துடைத்தவள் நான். ஆனாலும் பட்டியலில் முதலில் அந்தத் தோலைத்தான் எழுதினேன். போனிலும் சொன்னேன்.

"நீங்க அனுப்புன தோலாலதான்பா எல்லாம் பாழாச்சு."

"நல்லதா பாத்துதாம்மா அனுப்பினேன். எனக்கு இன்னா தெரியும்" என்றார்.

இரண்டு வாரம் கழித்து, எங்கள் வெற்றிடப் பம்பிலிருந்து கசிந்த எண்ணெய்தான் காரணம் என்று தெரிந்தது. ஊருக்குப் போய், தோல் காரணமில்லை என்று சொல்லி நேரிலேயே மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த போய் பெருசா பேசிக்கினு. விடும்மா" என்று சிரித்தார்.

கிளம்பும்போது என் பையைத் தூக்க வந்தவர் பாதியில் நின்றார். உள்ளே போய் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டு வந்து தூக்கினார். பையில் என் துணிகள் மட்டும்தான் இருந்தன. நான் திருத்திச் சொன்னதைவிட, முதலில் சொன்னதையே அவர் நம்புகிறார்.