குகைக்குள் கரண்ட் போனபோது

அரியலூரில் எங்கள் வீட்டு வெந்நீர் அண்டாவில் படியும் வெள்ளை உப்பைச் சுரண்டுவதே எனக்குப் பெரிய வேலை. சென்ற மாதம் ஆந்திராவில் ஒரு சுண்ணாம்புக் குகைக்குப் போனோம். கூரையிலிருந்து தொங்கிய கல்லைக் காட்டி, கல்லூரியில் படிக்கும் என் மகள், "நீங்க சுரண்டுறதுதாம்மா இது. மழைத் தண்ணி மண்ணுல இருக்கிற கரியமில வாயுவைச் சேத்துக்கிட்டு வந்து பாறையைக் கரைக்குது. குகையே அப்படி உண்டானதுதான். கரைஞ்சது சொட்டுற இடத்துல மறுபடி படியுது" என்றாள்.

"நல்லவேளை, இதையும் என்னைச் சுரண்டச் சொல்லல" என்றேன்.

படம் எடுக்க என் போனை வாங்கிக்கொண்டு அவள் முன்னே போனாள். அப்போது கரண்ட் போய்விட்டது. "அம்மா" என்று அவள் கூப்பிட்டது இடப்பக்கம் கேட்டது. பதறிப்போய், கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு அந்தப் பக்கம் நடந்தேன்.

"நகராதீங்கம்மா. அது எதிரொலி."

போன் வெளிச்சம் வலப்பக்கமிருந்து வந்தது. என் காலடிக்கு முன்னால், தண்ணீர் கரைத்துவைத்த ஆழமான பள்ளம்.

இப்போதெல்லாம் என் பையில் டார்ச் இருக்கிறது. இருட்டினால் நின்ற இடத்திலேயே நிற்கிறேன். நேற்று வீட்டில் கரண்ட் போனபோதும் அண்டா பக்கத்தில் அப்படியே நின்றேன்.

"இது நம்ம வூடும்மா, நடக்கலாம்" என்று சிரித்தபடி மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.