மாலை மாற்றும் காட்சி

“அக்கா, நாடகத்தில உங்களுக்கு அம்மா வேசம்,” என்றார் டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரத் தமிழ்ச் சங்கச் செயலாளர் நித்தியானந்தன்.

“ஆறு வருசமா எல்லாருக்கும் நான்தான் அம்மா. இந்த முறை சினிமா நடிகையா வாறன்,” என்றார் யோகமலர்.

“கடைசியில கதாநாயகனா வாற தண்டபாணியோட மாலை மாத்தவேணுமே. அண்ணை தவறி இன்னும் ரெண்டு வருசம் ஆகேல்லை. சனம் கதைக்கும்.”

“என்ர மனுசன் இருந்தா முன்வரிசையில இருந்து விசிலடிச்சிருப்பார். சனம் கதைச்சா டிக்கெட்டும் விக்கும், தம்பி.”

நித்தியானந்தன் சிரித்துவிட்டார். வேசத்தைக் கொடுத்தார், ஆனால் மாலைக்குப் பதில் பூச்செண்டு என்று சொல்லிவிட்டார்.

உடுப்புகளுக்குப் பொறுப்பான துஷாரா, ஊசியில் நூல் கோத்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பத்திரிகைகளுக்காகக் காதலிப்பதுபோல் நடிக்கும் இரண்டு நட்சத்திரங்களின் கதை அது; பாட்டும் சிரிப்புமாகப் போகும். யோகமலரே எழுதியது. முதியோர் இல்ல வேலையில், அங்குள்ளவர்களோடு இருந்து பழைய ஹொலிவூட் படங்கள் பார்த்துப் பார்த்து வந்த ஆசை.

பூச்செண்டு என்றானபின் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒத்திகையில் யன்னலுக்கும் மேடைக்குமாக நடந்தார். தேத்தண்ணியை ஊற்றிவிட்டுக் குடிக்க மறந்தார். நன்றாகத் தெரிந்த பாட்டில் அடி தவறினார். “செண்டைக் குடுத்தா அது பிறந்தநாள் விழா,” என்று தனக்குள் முணுமுணுத்தார்.

விழாவன்று, திரை விலக ஒரு மணித்தியாலம் இருக்கும்போது, அவர் துஷாராவின் மேசையில் ரோசாப்பூக்களைக் கொட்டினார். பூச்செண்டைப் பிரித்துவிட்டிருந்தார்.

“இதை மாலையாக் கட்டித் தாறியா, பிள்ளை? ஒண்டு காணாது. தண்டபாணிக்கும் சொல்லிப்போட்டன், ரெண்டு வேணும்.”