மச்சினன் கையெழுத்து

போன வாரம் மதியச் சாப்பாட்டு நேரத்தில், என்னோடு வேலை பார்க்கும் பிரெண்டாவைத் தேடி அவள் மகன் வந்தான். கார் லோனுக்கு அம்மா ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டுமாம். “முடியாது கண்ணா” என்றாள். “ஓகே மாம்” என்றவன், அவள் நீட்டிய பாதி சாண்ட்விச்சைத் தின்றுவிட்டுப் போனான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. “இனிமேல் கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டுக்கு வருவானா?” என்று கேட்டுவிட்டேன். “ஏன், அவனுக்கு உடம்புக்கு ஏதாவதா? உன்னிடம் சொன்னானா?” என்று பதறினாள். இந்தக் கனடாக்காரியிடம் நான் எங்கிருந்து ஆரம்பிக்க!

என் தங்கை செல்வியைத் தாயில்பட்டியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளை முருகேசன் சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறார். தீபாவளிக்குப் பல மாதம் முன்பே கடன் வாங்கிச் சரக்குப் போட வேண்டும். காசு பண்டிகை முடிந்துதான் வரும். அந்தக் கடனுக்கு மனைவியின் அண்ணன் தம்பி ஜாமீன் நிற்பது எங்கள் வழக்கம். பொங்கல் சீர், காதுகுத்துச் சீர் மாதிரி இதுவும் ஒரு சீர். தட்டும் வெற்றிலை பாக்கும் கிடையாது, அவ்வளவுதான். ஊருக்குப் போயிருந்தபோது நானும் கையெழுத்துப் போட்டேன். வாசித்துப் பார்க்கவில்லை. மாப்பிள்ளை நீட்டும் காகிதத்தை வாசித்தால் அவரைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடும்.

போன சீசனில் வடக்கே மழை கொட்டி, அனுப்பிய லோடு விற்காமல் கிடந்தது. தவணை நின்றது. கடனைப் புதுப்பிக்க பேங்க் மறுபடியும் என் கையெழுத்தைக் கேட்கிறது. நானோ இங்கே வீடு வாங்க லோன் கேட்டிருக்கிறேன். பழைய ஜாமீனுக்கே இங்கத்திய பேங்கில் முகம் சுளித்தார்கள். இதையும் போட்டால் வீடு அம்பேல்தான்.

“மச்சான், சும்மா ஒரு கையெழுத்துதான. பேங்க்ல கேக்காக. இந்த சீசன்ல அடைச்சிருவோம்ல” என்று மாப்பிள்ளை போனில் சொன்னார். “இந்தா, உங்க தங்கச்சியே சொல்லுதா, கேளுங்க.”

“போட்டுருங்கண்ணே” என்றாள் செல்வி, சத்தமாக.

கொஞ்ச நேரத்தில் மொட்டை மாடியிலிருந்து தனியாகக் கூப்பிட்டாள். “அண்ணே, போட்றாதீக. இந்தக் கம்பெனி தேறாது. உங்க பிள்ளைகளுக்காவது ஒரு வீடு இருக்கட்டும்.”

“போடலைன்னா உன்னைய அங்கன என்ன சொல்லுவாக?”

“அத நான் பாத்துக்கிடுதேன்.”

என்னத்தைப் பார்த்துக்கொள்வாள்? அவள் வீட்டுக்கு எதிர்வீட்டு மருமகள், அண்ணன் ஜாமீன் நிற்காத ஒரே காரணத்துக்காக, ஒரு வருடம் பிறந்த வீட்டில் கிடந்தாள். தங்கை வேண்டாம் என்று சொன்னதாலேயே போட்டுத் தொலைய வேண்டியதாகிவிட்டது.

வெளிநாட்டில் இருப்பதால் நோட்டரி முன்னால் போட வேண்டுமாம். இன்று காலை போனேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் காகிதத்தை வரி விடாமல் வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: “உங்கள் சொந்த விருப்பத்தில்தானே போடுகிறீர்கள்? யாரும் வற்புறுத்தவில்லையே?”

என் வாழ்நாளில் ஒருவரும் என்னைக் கேட்காத கேள்வி. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்ல வேளை, ஆங்கிலத்தில் கேட்டார். “யெஸ்” என்றேன். ஜன்னலுக்கு வெளியே, காரில், என் மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.