எனக்கு மட்டும் வந்த கெட்ட செய்தி

எங்கள் வீட்டில் கெட்ட செய்தி எனக்குக் கடைசியில்தான் வரும். நான் அவ்வளவு பயந்தவன். மகள் ஸ்கூட்டியிலிருந்து விழுந்தது, தையல் பிரித்த பிறகே எனக்குத் தெரிந்தது. அவள் ஒரு பாடத்தில் தோற்றதை, திரும்ப எழுதித் தேறிய அன்றுதான் சொன்னார்கள். எதுவானாலும் முதலில் என் மனைவிக்குத்தான் போகும். அதில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

சென்ற மாதம் திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்குப் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். மகள் அங்கேதான் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். வழியில் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"சார், போலீஸ் ஸ்டேஷன்லேர்ந்து பேசறேன். உங்க பொண்ணு போதை கேஸ்ல மாட்டிக்கிச்சி. இந்தாங்க, பேசுங்க."

அழுகை கேட்டது. "அப்பா, என்னைக் காப்பாத்துப்பா..." அவள் குரலேதான்.

பஸ் கூட்டேரிப்பட்டில் நின்றது. இறங்கிவிட்டேன். ஏன் இறங்கினேன் என்று இன்றும் தெரியாது. ஒரு பழக்கடை ஓரமாக நின்றேன்.

"லைன கட் பண்ணாதீங்க. யார்கிட்டயும் சொல்லாதீங்க. கேஸ் எழுதறதுக்குள்ள பணம் வந்தா பொண்ண வுட்டுடுவோம்."

நான் படித்தவன். கம்ப்யூட்டரில் குரலைப் போலியாகச் செய்து ஏமாற்றும் இந்த மாதிரி மோசடிகளைப் பேப்பரில் படித்து, சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் அனுப்பி எச்சரித்தவன். அந்த அழுகைக்கு முன்னால் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பணம் அனுப்பும் செயலியைத் திறந்து ரகசிய எண்ணை அழுத்தினேன். அவசரத்தில் தப்பாகிவிட்டது. மறுபடி அழுத்தப் போகும்போது, மனைவிக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று புதிய பயம் பிடித்தது.

"அவங்க அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். அப்பாகிட்ட மட்டும்தான் பேசுவேன்னு பொண்ணு அழுவுது."

அப்பாவிடம் மட்டுமா! சிராய்த்த முழங்காலைக்கூட என்னிடம் காட்டாத பெண்ணா?

"டேய், யார்ரா நீ?" என்று கத்தினேன். பழக்கடை அம்மா திடுக்கிட்டுத் திரும்பினார். அந்தப் பக்கம் லைன் கட் ஆனது.

உடனே மகளை அழைத்தேன்.

"என்னாப்பா? சாப்டுக்கினு இருக்கேன்."

"என்ன சாப்பாடு?"

"லெமன் சாதம். ஏம்பா, அழறியா?"

"சேச்சே. நல்லா சாப்டு."

கடைக்கார அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, போலீசில் புகார் செய்தேன். பிறகு கூட்டேரிப்பட்டையே ஜெயித்தவன் போல அடுத்த பஸ்ஸில் ஏறினேன். போனை மட்டும் விழுப்புரம் வரை கையிலிருந்து விடவில்லை.

"நீங்களா கண்டுபுடிச்சீங்க?" போனில் சொன்னபோது மனைவி நம்பவேயில்லை. "போயும் போயும் உங்ககிட்ட வந்து மாட்டுனானே!"

அன்று மாலை விடுதி வாசலில் விவரம் கேட்ட மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இனிமே எதுன்னாலும் மொதல்ல உன்கிட்டதாம்பா சொல்வேன்."

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம்," என்றேன். "எப்பவும் போல அம்மாகிட்டயே சொல்லு."

தெரியாத எண் வந்தால் இன்னும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஆனால் என்னிடம் இப்போது ஒரு கேள்வி இருக்கிறது. நேற்று, கடன் வேண்டுமா என்று பேசியவரிடமும் கேட்டுவிட்டேன்: "எங்க வீட்ல சொல்லிட்டீங்களா?"