கைமாறாத சாவி

அந்தச் சாவிக்கொத்தில் அன்று சுற்றியிருந்த பச்சை டேப் இன்றும் இருக்கிறது. வைட்ஃபீல்டில் நான் வேலை பார்க்கும் அடுக்குமாடிக் குடியிருப்பின் தண்ணீர் மோட்டார் அறைச் சாவி அது. எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு, பிள்ளைகளே. சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போக முடியாது. அடுத்த ஷிஃப்ட் ஆள் அதைக் கையில் வாங்கி, நோட்டில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் நாம் கேட்டைத் தாண்டலாம்.

நாற்பத்தோரு வயதில் நான் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் படித்தேன். சூப்பர்வைசர் இடம் ஒன்று காலியாக இருந்தது. நான்தான் பழைய ஆள். பாஸ் பண்ணினால் எனக்கே என்று மேனேஜர் சொல்லியிருந்தார். பஸ்ஸில் நின்றபடியே சூத்திரங்களை முணுமுணுப்பேன். வீட்டில் மகள்தான் வாத்தியார். "அப்பா, மறுபடியும் மைனஸை முழுங்கிட்டீங்க!" என்று தலையில் குட்டுவாள். "நல்லாக் குட்டுடி" என்று அவள் அம்மா அடுப்படியிலிருந்து சிரிப்பாள்.

எனக்கு அடுத்த ஷிஃப்ட் பார்த்தவனைத் தம்பி என்றே கூப்பிடுவேன். பத்தாவது முடித்தவன். தினமும் சாவி வாங்கும்போது ஒரு கணக்குக் கேட்பான்; பதில் சொன்னால்தான் கையெழுத்து. கணக்குப் பரீட்சைக்கு முந்தின நாள், "காலைல ஆறுக்கே வந்துர்றேண்ணா. நீங்க குளிச்சிட்டு நிதானமாப் போங்க" என்றான்.

ஆறுக்கு வரவில்லை. ஷிஃப்ட் மாறும் எட்டுக்கும் வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. ஆபீசில், "வேற ஆளே இல்லப்பா" என்று கையை விரித்துவிட்டார்கள். விட்டுப் போனால் வேலை போகும். ஹால் டிக்கெட் சட்டைப் பையில், சாவி கையில். பரீட்சை நடந்த விவேக் நகர் பள்ளி வாசலில் எனக்காகக் காம்பஸ் பெட்டியோடு நின்றிருந்த மகள் போன் செய்தாள். "அப்பா, கேட்டை மூடுறாங்க."

பதினொன்றுக்கு வந்தான். "வண்டி பஞ்சர்ணா." நம்பினேன்.

அடுத்த வாரமே அவன் சூப்பர்வைசர் சட்டையில் வந்தான். செக்யூரிட்டிக்காரர்தான் சொன்னார்: "அன்னிக்கு எட்டு மணிலேருந்து எதிர் டீக்கடைலதான் உக்காந்திருந்தான். உனக்குத் தெரியாதா?"

மறுவருஷம் எழுதித் தேறினேன். அந்த இடம்தான் இல்லை.

போன வாரம் ஆள் குறைவென்று அவனே மோட்டார் அறையைப் பார்த்துக்கொண்டான். "அண்ணா, நாளைக்கு எங்க பாப்பாக்குப் பரீட்சை. கொஞ்சம் முன்னாடி வர முடியுமா?" என்று கேட்டான். மறுநாள் கால் மணி முன்பே போய் நின்றேன். சாவியை நீட்டியவன் அதை விடாமல், "அண்ணா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தான்.

இப்படி யாராவது தயங்கி நின்றால் 'பரவாயில்லை' என்று சொல்ல உங்கள் வீட்டில் பழக்கியிருப்பார்கள். நானும் என் மகளுக்கு அப்படித்தான் பழக்கினேன். அன்று அந்தச் சொல் எனக்கு வரவில்லை.

"பாப்பாக்கு நேரமாகுது. கெளம்பு" என்று சாவியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டேன்.