வேலிக்கு வெளியே கேட்ட கேள்வி

அப்போது எனக்குப் பதினைந்து வயது. கிளிநொச்சிப் பக்கம், வாய்க்கால் ஓரமாக எங்கள் குடியேற்றம். பள்ளிக்கூடம் தூரம். பொருளாதாரத் தடையால் ரயரும் ரியூப்பும் கிடைக்காத காலம் என்பதால் சைக்கிள் கேட்டு அடம்பிடித்தும் பயனில்லை. என் சிநேகிதியிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. பாலம் வரை அவள் மிதிப்பாள், அதற்கப்பால் நான். நான் கனமென்று ஒருநாளும் அவள் சொன்னதில்லை. எனக்குத்தான் வாய். மிதிக்கத் தொடங்கினால் இறங்கும்வரை முணுமுணுப்புத்தான்.

அவளுடைய குடும்பம் மலையகத்திலிருந்து வந்தது. வாய்க்காலின் கடைசியில் அவர்களுடைய வயல், அதற்கு மேலே எங்களது. கோடையில் செய்யும் சிறுபோகத்தில் தண்ணீர் முறை வைத்துத்தான் வரும். ஒருமுறை அவர்களுக்கு வரவேண்டிய தண்ணீர் வரம்பு உடைந்து எங்கள் வயலுக்குள் போய்விட்டது. அவர்களுடைய பயிர் கருகத் தொடங்கியது. தண்ணீர் முறை பார்க்கும் வட்டவிதானையார் எல்லோரையும் வரம்பிலே கூட்டி விசாரித்தார்.

"நண்டு துளைச்சுப் போட்டுது, வேறென்ன" என்றார் என் அப்பா.

நண்டு வரம்பைத் துளைப்பது வழமைதான். எல்லோரும் தலையாட்டினார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சிநேகிதி என்னை ஒருதரம் பார்த்தாள்.

"நண்டில்லை ஐயா. இவளின்ர அப்பாதான் மண்வெட்டியாலை வெட்டினவர். நான் கண்டனான்."

சொல்லிவிட்டும் கையை விடவில்லை. எனக்கு மானம் போய்விட்டது. ஆனாலும் நானும் கையை இழுக்கவில்லை. என்னைப் பற்றி ஒருவரிடமும் கோள் மூட்டாத, என் ரகசியம் ஒன்றையும் வெளியே விடாத வாய் அது. அந்த வாய்க்குப் பொய் வராது என்று என்னைவிட யாருக்குத் தெரியும்?

வீட்டில் அப்பா சாமியாடினார்.

"தோட்டக்காட்டுப் பெட்டையோட இனி உனக்கு ஒரு கதையும் இல்லை. படலையைத் தாண்டினால் காலை முறிப்பன்."

மலையகத்தாரை இழிவாகச் சொல்லும் அந்தக் கெட்ட சொல்லைக் கேட்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அம்மாவிடம் கெஞ்சினேன். "கொப்பர் சொன்னால் சொன்னதுதான் பிள்ளை" என்றுவிட்டு அவர் அடுப்பை ஊதத் தொடங்கினார். அப்பா வெட்டின வரம்புக்கு என் படிப்பும் சிநேகிதமும் போயின. இப்படியும் ஒரு அநியாயமா?

அடுத்தநாள் காலை படலையில் சைக்கிள் மணி அடித்தது. நான் குசினி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சநேரம் நின்றுவிட்டுப் போனாள். பின்னேரம் திரும்பும்போது, வேலிக்கு வெளியே நின்று அன்று படிப்பித்ததை உரத்துச் சொன்னாள். கடைசியில், "நாளைக்கு வாறியோ?" என்று கேட்டாள். ஒரு பதில் சொல்லும் அளவுக்கு நின்றாள். பிறகு மிதித்துப் போனாள்.

ஒவ்வொரு நாளும் இதே கேள்வி. அப்பா முற்றத்துக் கதிரையில் இருந்து எல்லாம் கேட்பார். அவளைத் துரத்த அவருக்கு முகமில்லை, என்னை வெளியே போகவிட மனமில்லை. அழுவதைத் தவிர என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

பிறகு ஷெல்லடி நெருங்கியது. ஊரே மூட்டை கட்டியது. நாங்கள் மல்லாவிப் பக்கம் போவதென்று அப்பா முடிவெடுத்திருந்தார். அன்றைக்கும் மணி அடித்தது.

"நாங்கள் வவுனியாப் பக்கம் போறம். நீங்கள் எந்தப் பக்கம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். மூட்டை கட்டிக்கொண்டிருந்த அவர் கயிற்றை இழுத்தார், முடிச்சுப் போட்டார், பிறகும் நிமிரவில்லை. கடைசியில், "போய்ச் சொல்லன் பிள்ளை" என்றார்.

படலையைத் திறந்துகொண்டு ஓடினேன். வழக்கமாக நிற்கும் அளவுக்கு நின்றுவிட்டு அவள் போயிருந்தாள். ஒழுங்கைப் பாதை முழுக்கச் சனம். "மல்லாவிக்கு" என்று கத்தினேன். தூரத்தில் அவளுடைய சைக்கிள் போனது. பாலம் வரை நான் இருக்கிற கரியரில் ஒரு மூட்டை கட்டியிருந்தது.